ஆலோசனை சொன்னவர் காசு போடப் போகும்போது

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் சித்தியின் மகன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மொறட்டுவையில் பொறியியல் படித்து, அதோடு சேர்த்து சிமா என்ற கணக்கியல் சோதனையும் முடித்து, கொழும்பில் ஒரு முகாமைத்துவ ஆலோசனை நிறுவனத்தில் மூன்று வருசம் வேலை செய்தவன். இப்போது விசிக்குள் போக வேண்டும் என்கிறான். வெஞ்சர் கப்பிட்டல், தமிழில் துணிகர முதலீடு. சிங்கப்பூரில் ஒரு நிதியம் முதல் நேர்முகத்தை முடித்துவிட்டு, தெரிந்த ஒரு ஸ்டார்ட்அப்பை எடுத்து அதில் முதலிடலாமா என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தது. அவன் எடுத்தது குருநகர், பாசையூர்க் கரையில் நீல நண்டு பிடிப்பவர்களையும் ஏற்றுமதிக்கு வாங்குபவர்களையும் நேரே இணைக்கிற ஒரு செயலி. இரண்டு கம்பஸ் பொடியன்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

விறாந்தையில் இருந்து 38 ஸ்லைட்டையும் பார்த்தேன். நல்ல வேலை, பொய் சொல்லவில்லை. சந்தையின் அளவு, போட்டியாளர், வாங்குபவர் வகைகள், மூன்று விதமான எதிர்காலக் கணக்கு, எல்லாம் வரிசையாக இருந்தன. ரீ ஆறிப்போகும்வரை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"தம்பி, உன்ர காசு எண்டால் இதில போடுவியோ?"

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் டேட்டா வேணும் அண்ணா" என்றான்.

நானும் அந்தப் பாதையால் போனவன். கொழும்பில் ஆறு வருசம் ஆலோசனை வேலை, பிறகு வெளிநாட்டில் ஒரு நிதியத்தில் ஏழு வருசம், இப்போது ஊரோடு. அவன் சொன்ன அந்தப் பதிலை என் முதல் நேர்முகத்தில் நானும் கிட்டத்தட்ட அதே சொற்களில் சொன்னேன். அதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன். இந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்கிற எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இன்னும் என்ன படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள், அதில் பிழை சொல்லவும் முடியாது, ஏனென்றால் இஸட் ஸ்கோர், ரியூசன், கம்பஸ், சிமா என்று ஒரு கதவுக்கு ஒரு சோதனை என்றுதான் நாங்கள் அவர்களை வளர்த்திருக்கிறோம். விசிக்குள் போக அப்படி ஒரு சோதனை கிடையாது. அங்கே பார்ப்பது, ஒரு முடிவை எடுத்து அதைச் சுமக்க உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதா என்பதை.

முதலில் இரண்டு தொழிலும் எப்படிக் காசு பார்க்கின்றன என்று விளங்க வேண்டும். ஆலோசனை நிறுவனம் நேரத்தையும் மூளையையும் விற்கிறது. மக்கின்சி 1926 இல் தொடங்கியது, பொஸ்டன் கொன்சல்டிங் குரூப் 1963 இல், பெயின் 1973 இல், மூன்றும் இன்றைக்கும் அடிப்படையில் அதே முறையில்தான் நடக்கின்றன. வாடிக்கையாளர் ஒரு கேள்வியோடு வருகிறார், நாலைந்து பேர் கொண்ட குழு சில கிழமையில் பதிலோடு போகிறது, கட்டணம் வருகிறது. அந்த ஆலோசனை பலித்ததா இல்லையா என்பது ஐந்து வருசம் கழித்துத்தான் தெரியும், அப்போது குழுவில் இருந்த பொடியன் வேறு நாட்டில் வேறு வேலையில் இருப்பான். இது குற்றச்சாட்டு இல்லை, தொழிலின் அமைப்பே அப்படி.

விசி நிதியத்தின் கணக்கு வேறு. ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறக்கொடை நிதிகள், பணக்காரக் குடும்பங்கள் தருகிற காசை ஒரு சிறு குழு எடுத்து, வழமையாகப் பத்து வருச ஆயுள் உள்ள ஒரு நிதியமாக வைத்து, முதல் மூன்று நாலு வருசத்துக்குள் இருபது முப்பது இளம் கொம்பனிகளில் பங்கு வாங்குகிறது. வருசத்துக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், கடைசியில் வருகிற இலாபத்தில் 20 சதவீதம் குழுவுக்கு. அந்த 20 சதவீதத்தைத் தொழிலில் 'கரி' (carry) என்பார்கள். பழைய காலத்துக் கப்பல் தலைவன் தான் சுமந்து கொண்டுபோன சரக்கின் இலாபத்தில் எடுத்த பங்கிலிருந்து வந்த சொல் என்று சொல்வார்கள்.

கப்பல் கணக்கு எங்களுக்குப் புதிதில்லை. நியூ பெட்ஃபோர்ட் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் ஒரு துறைமுகம். 19 ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்களுக்கு அங்கே முகவர்கள் பல பேரிடம் காசு சேர்த்து, தலைவனைத் தெரிந்தெடுத்து அனுப்புவார்கள். கப்பல் இரண்டு மூன்று வருசம் கழித்து வரும், சில வராமலே போகும், வந்தால் தலைவனுக்கும் மாலுமிக்கும் சம்பளத்துக்குப் பதிலாகப் பங்குதான். விசியின் மூதாதை அது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அதே மாசசூசெட்ஸில் குளொஸ்டர் துறைமுகத்துக்குத்தான் 1938 இல் எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் பாய்க்கப்பல் வல்வெட்டித்துறை மாலுமிகளோடு போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் இருக்கிற பொஸ்டனில்தான் 1946 இல் ஜோர்ஜ் டோரியோ என்ற பேராசிரியரும் சிலரும் நவீன விசியின் முதல் நிறுவனங்களில் ஒன்றான ஏ.ஆர்.டி.யைத் தொடங்கினார்கள். 1957 இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினிக் கொம்பனியில் அவர்கள் போட்ட 70,000 டொலர் பிற்பாடு முப்பது கோடி டொலரையும் தாண்டியது. ஏ.ஆர்.டி. போட்ட மற்ற முதலீடுகளின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆலோசனை வேலையில் பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்க வேண்டும். ஒரு ஸ்லைட்டில் ஓர் எண் பிழைத்தாலே இரவிரவாகத் திருத்த வேண்டும். விசியில் பத்துக்கு ஆறு ஏழு பிழைத்தாலும் பரவாயில்லை, மிச்சம் இருப்பதில் ஒன்று மிகப் பெரிதாக வர வேண்டும். ஹோர்ஸ்லி பிரிட்ஜ் என்ற நிறுவனம் பல விசி நிதியங்களுக்குக் காசு கொடுக்கிறது. 1985 முதல் 2014 வரையான ஆயிரக்கணக்கான முதலீடுகளின் கணக்கு அவர்களிடம் இருந்தது. கிட்டத்தட்டப் பாதி போட்ட காசையே திருப்பித் தரவில்லை. ஏறத்தாழ 6 சதவீதம்தான் பத்து மடங்கோ அதற்கு மேலோ தந்தது, ஆனால் மொத்த வருமானத்தில் சுமார் 60 சதவீதம் அந்த ஆறிலிருந்துதான் வந்தது.

இதைக் காசாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் ஆலோசனையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 5 கோடி டொலர் நிதியம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருசம் 2 சதவீதம் என்றால் 10 இலட்சம், பத்து வருசத்துக்கு 1 கோடி கட்டணமாகப் போய்விடும், மிச்சம் 4 கோடிதான் கொம்பனிகளுக்குப் போகும். காசு தந்தவர்கள் பத்து வருசம் காத்திருந்ததற்கு மூன்று மடங்காவது எதிர்பார்ப்பார்கள், ஆக 15 கோடி திரும்பி வர வேண்டும். நிதியம் ஒரு கொம்பனியில் தொடக்கத்தில் 15, 20 சதவீதம் வாங்கினாலும் பிறகு வருகிற முதலீட்டாளர்களால் அந்தப் பங்கு கரைந்து விற்கிற நாளில் 10 சதவீதம் அளவில்தான் நிற்கும். 10 சதவீதத்தால் 15 கோடி வர வேண்டும் என்றால், அந்த நிதியத்தின் கொம்பனிகள் எல்லாம் சேர்ந்து 150 கோடி டொலருக்கு விலைப்பட வேண்டும்!

இலங்கையில் நடந்தவற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லெனியம் ஐரி என்ற மென்பொருள் கொம்பனியை 2009 இல் இலண்டன் பங்குச்சந்தை 3 கோடி டொலருக்கு வாங்கியது. அந்த நேரத்தில் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அதில் 10 சதவீதம் 30 இலட்சம், இந்த நிதியத்துக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. 2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 ஐ 2024 இல் ஈ.கியூ.ரி. என்ற சுவீடன் நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. இலங்கையில் பிறந்த மென்பொருள் கொம்பனிகளில் அது மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று, அதற்குப் பத்தொன்பது வருசம் பிடித்தது, பத்து வருச நிதியமோ அதற்குள் கணக்கை மூடியிருக்கும். இதோடு ரூபாவையும் சேருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்தது மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ரூபாவில் உழைக்கிற ஒரு ஸ்டார்ட்அப் ஒரு பிழையும் செய்யாமலே டொலர் கணக்கில் பாதிக்குக் கிட்டச் சுருங்கியது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவேரிலோ தாய்க் கொம்பனியைப் பதிந்து, வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடு என்று முதலீட்டாளர்கள் நெருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பியின் நண்டுச் செயலிக்கு வருவோம். அவன் காட்டியபடி எல்லாம் நடந்தால் ஐந்தாம் வருசம் நல்ல இலாபம் வரும். வங்கி கடன் கொடுக்கலாம், கனடாவில் இருக்கிற மாமா பங்கு போடலாம், நான்கூடப் போடலாம். விசி போட முடியாது, ஏனென்றால் அந்தக் கொம்பனி எவ்வளவு நன்றாக வந்தாலும் ஒரு நிதியத்தைத் திருப்பிக் கட்டுகிற அளவுக்கு வளர இடமில்லை. நல்ல வியாபாரம் வேறு, விசிக்கு ஏற்ற வியாபாரம் வேறு. ஆலோசகர் முதலாவதை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர். இரண்டாவதைக் காண வேறு கண் வேண்டும், அது புத்தகத்தால் வருவதில்லை.

சந்தையின் அளவைப் போடுகிற பழக்கமும் இப்படித்தான் காலை வாரும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி.க்கு ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம், 2000 ஆம் ஆண்டளவில் அந்த நாட்டில் 9 இலட்சம் கைத்தொலைபேசிகள்தான் இருக்கும் என்று கணித்துக் கொடுத்தது. வந்தது 10 கோடிக்கு மேல். அன்றைய விலையையும் அன்றைய பாரத்தையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு முழு மடத்தனம் என்று சொல்ல முடியாது. இருக்கிற சந்தையை அளக்கலாம், இன்னும் பிறக்காததை எதைக்கொண்டு அளப்பது? இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். ஒரு சின்னக் கொம்பனியைச் சந்தை காணாது என்று எழுதிக் கழித்தேன், என் மேலாளருக்கு அந்த எழுத்து நன்றாகப் பிடித்திருந்தது, நாலு வருசம் கழித்து அந்தக் கொம்பனி தானே ஒரு சந்தையை உண்டாக்கிக்கொண்டு வளர்ந்து நின்றது. போட்ட காசு முழுதும் போனால் ஒரு மடங்குதான் நட்டம். போடாமல் விட்டது நூறு மடங்கு வளர்ந்தால் அந்த நூறும் நட்டம். பெஸ்ஸமர் என்ற பழைய விசி நிறுவனம் தாங்கள் வேண்டாம் என்று விட்ட அப்பிள், கூகிள், ஃபெட்எக்ஸ் போன்றவற்றை ஒரு பட்டியலாகப் போட்டுப் பகிரங்கமாகவே வைத்திருக்கிறது. ஆலோசனை நிறுவனம் எதுவும் அப்படி ஒரு பட்டியல் போட்டு நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் ஆலோசகருக்கு அங்கே இடமே இல்லை என்று எடுத்துவிட வேண்டாம். தெரியாத துறையை இரண்டு கிழமையில் படிப்பது, தெரியாத ஆளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேள்வி கேட்பது, சிக்கலானதைத் தெளிவாக எழுதுவது, ஒரு முதலாளியின் முன்னால் நடுங்காமல் இருப்பது, இவையெல்லாம் முதல் நாளிலிருந்தே உதவும். கொம்பனி வளர்ந்து நூறு பேர் வேலை செய்கிற நிலையில் முதலிடுகிற நிதியங்களும், முழுக் கொம்பனியையே வாங்கி நடத்துகிற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களும் ஆலோசகர்களை விரும்பி எடுப்பதற்குக் காரணம் அதுதான், அங்கே ஆராய எண்கள் இருக்கின்றன. 1984 இல் பெயின் கப்பிட்டல் பிறந்ததே பெயின் ஆலோசனை நிறுவனத்தில் இருந்த ஆட்கள் தாங்களே முதலிடப் புறப்பட்டதால்தான். இரண்டு பேரும் ஒரு யோசனையும் மட்டும் இருக்கிற தொடக்க நிலை முதலீட்டுக்குப் போகத்தான் பாதை கடினம்.

அந்தப் பாதையால் போனவர்களில் எனக்குப் பிடித்த உதாரணம் ரூலொஃப் போத்தா. தென்னாபிரிக்காவில் காப்புறுதிக் கணிதம் படித்து, ஜோகன்னஸ்பேர்க்கில் மக்கின்சியில் இருந்தவர். அங்கிருந்து நேரே முதலீட்டுக்குப் போகவில்லை. ஸ்டான்ஃபோர்ட்டுக்குப் படிக்கப் போய், பேபால் சின்னக் கொம்பனியாக இருந்தபோதே உள்ளே நுழைந்து, அதன் நிதித் தலைவராக இருந்து, பங்குச்சந்தைக்குக் கொண்டுபோய், அதற்குப் பிறகுதான் 2003 இல் செக்குவோயா என்ற விசி நிறுவனத்தில் சேர்ந்தார். யூரியூப்பில் செக்குவோயா போட்ட காசு அவர் கொண்டுவந்த முதலீடு, 2006 இல் கூகிள் அதை 165 கோடி டொலருக்கு வாங்கியது. செக்குவோயாவில் நெடுங்காலம் இருந்த மைக்கல் மொறிற்ஸ் பத்திரிகையாளராக இருந்து வந்தவர், கிளைனர் பேர்க்கின்ஸ் என்ற விசி நிறுவனத்தின் ஜோன் டோர் இன்டெல்லில் விற்பனை செய்தவர். எந்தப் பட்டம் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் இவர்களுக்குள் ஒற்றுமை தெரியாது, ஒரு துறைக்குள்ளே நின்று அடிபட்டிருந்தார்கள் என்பதுதான் தெரியும்.

சம்பளத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வீட்டில் அம்மா கேட்கப் போகிறா. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. சின்ன நிதியங்களில் கையில் வருகிற சம்பளம் ஆலோசனைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். இரண்டு வருசத்துக்கு எடுத்து, பிறகு போ என்று சொல்கிற அசோசியேட் வேலைகள் நிறைய உண்டு, பங்காளியாக வளர வழி இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இலாபப் பங்கு தருகிறோம் என்றால் எத்தனை வருசத்தில் அது உங்களுடையதாகும், இடையில் விலகினால் என்ன நடக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அது காசாக வர ஏழு எட்டு வருசம் போகலாம், வராமலும் போகலாம். வீட்டுக் கடன், தங்கச்சியின் கலியாணம் என்று பொறுப்பு உள்ளவர் இதையெல்லாம் எண்ணித்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்? இங்கே விசி நிதியங்கள் வரிசையில் நிற்கவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் காசு வருகிறது, பெரும்பாலும் காணிக்கும் கலியாண மண்டபத்துக்கும் போகிறது. ஆனால் முடிவெடுக்கப் பழகுவதற்கு சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யாழ் ஐரி ஹப் பத்து வருசத்துக்கு மேலாக இங்கே யாழ் கீக் சலஞ்ச் என்ற ஸ்டார்ட்அப் போட்டியை நடத்துகிறது, அங்கே வருகிற குழுக்களில் ஐந்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். போடுவேனா மாட்டேனா என்பது முதல் வரியில் வர வேண்டும். திகதி போட்டு வையுங்கள், பிறகு ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. ஒரு வருசம் கழித்து எடுத்துப் பாருங்கள். இரண்டு வருசம் இப்படிச் செய்த ஒருவர் நேர்முகத்துக்கு அந்தக் கோப்போடு வந்தால், பெரிய நிறுவனத்தின் பெயரை மட்டும் காட்டுகிறவரை விட்டுவிட்டு நான் இவரோடுதான் கூட நேரம் பேசுவேன். முடிந்தால் ஒரு ஸ்டார்ட்அப்பில் போய் விற்பனையோ கணக்கோ பார்த்து, மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் காசு காணாமல் போகிற அந்தப் பயத்தையும் ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தொழில் தொடங்கியவர்கள் தங்கள் உண்மையான பிரச்சினையைச் சொல்வது அந்தப் பயம் தெரிந்த ஆளுக்குத்தான்.

தம்பிக்கு நான் சொன்னது ஒன்றுதான். ஸ்லைட்டை மூடு, நாளைக்கு விடியப்புறம் கரைக்குப் போ.

போனான். ஆறு மணி தாண்டியதும் வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. தராசுக்குப் பக்கத்தில், நனைந்து மூலை மடிந்த ஒரு சி.ஆர். கொப்பி. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் முற்பணம். வலைக்கு இவ்வளவு, எஞ்சினுக்கு இவ்வளவு, பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இவ்வளவு, அன்றன்றைய நண்டில் கழித்தது போக மிச்சம் இவ்வளவு. வாடிக்காரரிடம், அதாவது கரையில் பிடித்ததை வாங்கிச் சேர்க்கிற வியாபாரியிடம், முற்பணம் வாங்கினவர் அவருக்குத்தான் நண்டு கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் கிலோவுக்கு நூறு ரூபா கூடத் தந்தாலும் மாற்ற முடியாது. செயலியில் நல்ல விலையைக் காட்டி என்ன பிரயோசனம்? 38 ஸ்லைட்டில் எங்கேயும் அந்தக் கொப்பி இல்லை.

அன்று இரவே அவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். "நான் போட மாட்டேன்" என்று தொடங்கியிருந்தான். முற்பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தப் பொடியன்கள் பதில் வைத்திருந்தால், அந்தப் பதில் நண்டைத் தாண்டி நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் மற்ற நாட்டுக் கரைகளுக்கும் பொருந்தினால், அப்போது திரும்பவும் வந்து பார்ப்பேன் என்று கடைசியில் எழுதியிருந்தான். போன கிழமை இரண்டாவது நேர்முகம் நடந்தது. நாற்பது நிமிசம், சூமில். அதில் அரை மணித்தியாலம் அந்தக் கொப்பியைப் பற்றியே கேட்டார்களாம்.